நண்பர் 'ஒரு நல்ல வாய்ப்பு' என்று அழைக்கும்போது: எம்எல்எம் அழைப்பை எதிர்கொள்ள ஒரு வழிகாட்டி

நெட்வொர்க் மார்க்கெட்டிங், டைரக்ட் செல்லிங், பல அடுக்கு வணிகம், எம்எல்எம் என்று இது பல பெயர்களில் வரும். பல நேரம் பெயரே இல்லாமல் 'ஒரு பிசினஸ்' என்று மட்டும் வரும். பொருள் விற்பதோடு, ஆள் சேர்த்து அவர்கள் வாங்குவதிலும் கமிஷன் பார்க்கும் முறை இது. கொண்டுவருபவர் முன்பின் தெரியாதவர் என்றால் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கூடப் படித்தவர், பக்கத்து இருக்கையில் வேலை செய்பவர், சொந்தக்காரர் என்னும்போதுதான் கை கட்டிப்போகிறது. பணமும் போகக் கூடாது, உறவும் போகக் கூடாது. அதற்கு வழி உண்டு: முதல் பேச்சிலேயே, காரணம் சொல்லாமல், தெளிவாக மறுத்துவிடுங்கள். மறுத்த பிறகும் அந்த நண்பரை விட்டு விலகாதீர்கள். முதல் பாதியைப் பலரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள், இரண்டாவது பாதியைத்தான் கைவிட்டுவிடுகிறார்கள்.

அழைப்பை அடையாளம் காணுதல்

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் தரப்படும் வேலை, தெரிந்தவர்கள் 100 பேரின் பெயரைப் பட்டியல் போடுவது. அவரைச் சேர்த்துவிட்ட அப்லைன் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வார். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேசும் முறையும் சொல்லிக் கொடுக்கப்பட்டதுதான்: முதலில் குடும்பத்தை விசாரி, பிறகு வேலையை, பிறகு ஓய்வு நேரத்தை, கடைசியில் விஷயத்துக்கு வா. ஆர்வத்தை மட்டும் தூண்டு, எதையும் விளக்காதே.

ஆகவே, வெகுநாள் பேசாத ஒருவர் திடீரென்று அழைத்து, இந்த வரிசையில் நலம் விசாரித்து, "இப்போ வர்ற சம்பளம் போதுமா? பார்ட் டைமா ஏதாவது பண்ற ஐடியா இருக்கா?" என்று வந்து நின்றால் அடுத்த வாக்கியம் என்னவென்று நீங்களே சொல்லிவிடலாம். "போன்ல சொன்னா புரியாது, நேர்ல வா." "ஒரு பெரிய ஆளை உனக்கு அறிமுகப்படுத்துறேன்." "ஓபன் மைண்டோட மட்டும் வா."

இந்த இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். போனிலேயே கேளுங்கள், நேரில் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

"கம்பெனி பேரு என்ன?"
"சேர்றதுக்கு நான் பணம் கட்டணுமா, இல்ல ஏதாவது வாங்கணுமா?"
"நான் ஆள் சேர்த்தா எனக்குப் பணம் வருமா?"

நேர்மையான எந்த வேலைக்கும் தொழிலுக்கும் இந்த மூன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பதில் நழுவினால் அல்லது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 'ஆமாம்' என்றால், சந்திப்புக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "பேரையும் விவரத்தையும் மெசேஜ்ல அனுப்பு. அதுக்கு முன்னாடி எங்கயும் வர மாட்டேன்" என்பது போதும். நேரில் வரவைக்க இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தில் வந்தால் நீங்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள். கூட்டத்தில் கணக்குப் போட நேரம் தர மாட்டார்கள்.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள்

அழைப்பு வந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மனம் நோகாமல் மறுக்க வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொல்கிறோம். அந்தக் காரணம் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வகுப்பில் பதில் மனப்பாடம் செய்யப்பட்டிருக்கிறது. நேரம் இல்லை என்றால், "அதனாலதான் சொல்றேன், வாரத்துக்குப் பத்து மணி நேரம் போதும், அப்புறம் காலம் பூரா ஃப்ரீ." பணம் இல்லை என்றால், "பணம் இல்லாதவங்களுக்குத்தான் இது." எனக்குப் பேச வராது என்றால், "டிரெயினிங் நாங்க குடுக்கிறோம், எனக்கு மட்டும் வந்துச்சா?" வீட்டில் கேட்க வேண்டும் என்றால், "அவங்களையும் கூட்டிட்டு வா." இது பிரமிட் திட்டம்தானே (கீழே சேர்பவர்களின் பணத்தை மேலே இருப்பவர்களுக்குத் தரும் மோசடி) என்றால், "உன் ஆபீஸும் பிரமிட்தான், மேல ஒரு முதலாளி, கீழ நீங்க எல்லாரும்."

கடைசிப் பதிலில் பலர் வாயடைத்துப் போகிறார்கள். அலுவலகத்தில் கீழே இருப்பவருக்கு மாதா மாதம் சம்பளம் வருகிறது, அவர் வேலையில் சேர முதலாளிக்குப் பணம் கட்டவில்லை. இதை உங்கள் தெளிவுக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரோடு வாதாடப் பயன்படுத்த வேண்டாம், வாதம் தொடர்வதே அவர்களுக்குச் சாதகம்.

'யோசிச்சுச் சொல்றேன்' என்பது எல்லாவற்றிலும் மோசமான பதில். அதை மறுப்பாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஓரிரு நாளுக்குள் மறுபடி பேசு என்பது அவர்களுக்கான விதி. அடுத்த அழைப்பில் அப்லைனும் லைனில் இருப்பார்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"எனக்கு இது வேண்டாம்டா. நீ கேட்டதுல கோபம் எதுவும் இல்ல. இதைப் பத்தி மட்டும் இனிமே நாம பேச வேண்டாம். மத்தபடி எதுக்குன்னாலும் கூப்பிடு."

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டால், "வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்று அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் அதே வாக்கியம்தான். புதிய சொல் ஒன்று சேர்த்தாலும் அது புதிய காரணமாகி, புதிய பதிலைக் கொண்டுவரும்.

மேலதிகாரி என்றால் தொனி மாற வேண்டும், உள்ளடக்கம் மாறக் கூடாது: "சார், ஆபீஸ் வேலை எதுன்னாலும் சொல்லுங்க, செய்றேன். வெளியில எந்த பிசினஸ்லயும் நான் சேர்றது இல்ல." அதன் பிறகும் அழுத்தம் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவையுங்கள், வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் தன் சொந்த வியாபாரத்துக்கு ஆள் சேர்ப்பதைப் பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை. வயதில் பெரிய உறவினரிடம், "தப்பா நினைக்காதீங்க மாமா, இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உடனே வேறு குடும்ப விஷயத்துக்குப் பேச்சைத் திருப்புங்கள். மௌனம் விழ விட்டால் அந்த இடைவெளியில் பிளான் விரிந்துவிடும்.

தெரியாமல் கூட்டத்துக்குள் போய்விட்டால்

பிறந்தநாள் என்றோ வேலைக்கான நேர்காணல் என்றோ சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். உள்ளே மேடை, திரை, கைதட்டல், வங்கிக் காசோலையின் படம், வெளிநாட்டுப் பயணப் படம். எழுந்து போவது மரியாதைக் குறைவோ என்ற தயக்கத்தை நம்பித்தான் இந்த ஏற்பாடே. எழுந்து போகலாம். யாரும் தடுத்தால் "எனக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நடங்கள். கூட்டிவந்தவரின் வண்டியில்தான் திரும்ப வேண்டும் என்ற நிலை மட்டும் வரவே கூடாது. சந்தேகம் இருந்தால் தனியாகப் போங்கள்.

இருந்து கேட்டே ஆக வேண்டும் என்றால், நான்கு விஷயங்களை யாருக்கும் தராதீர்கள்: கையெழுத்து, அடையாள அட்டையின் நகல், போனுக்கு வரும் ஓடிபி, உங்கள் போனில் உள்ள எண்கள். 'சும்மா ஐடி (உறுப்பினர் எண்) மட்டும் போட்டு வைப்போம், பணம் அப்புறம்' என்பதும் சேர்க்கைதான். 'இன்னைக்கு ராத்திரி 12 மணியோட இந்த ஆஃபர் முடியுது' என்று சொன்னால் இன்றிரவு உறுதியாகச் சேராதீர்கள்.

கணக்கைப் பாருங்கள்

ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார், அவர்கள் ஒவ்வொருவரும் 6 பேரை என்று பலகையில் வரைந்து காட்டுவார்கள். அதை முடியும்வரை போட்டுப் பார்ப்பதில்லை. 6, 36, 216, 1,296 என்று போய், 13ஆம் அடுக்கில் 1,306 கோடி பேர் தேவைப்படுகிறார்கள். உலக மக்கள்தொகை சுமார் 800 கோடி.

இதைவிட முக்கியமான கணக்கு வேறு. அடுக்குகள் எத்தனை நிரம்பினாலும், இந்த அமைப்பில் கடைசி அடுக்கில் இருப்பவர்கள் மொத்தத்தில் சுமார் 83%. அதாவது ஆறில் ஐந்து பேருக்குக் கீழே யாருமே இல்லை. கடைசி இரண்டு அடுக்குகளைச் சேர்த்தால் 97%. இவர்களுடைய சோம்பலோ திறமைக் குறைவோ இதற்குக் காரணமில்லை, அமைப்பின் வடிவமே அப்படி. 'உழைச்சா யாரும் ஜெயிக்கலாம்' என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது: ஒருவர் வேண்டுமானால் உழைத்து மேலே வரலாம், எல்லோரும் வர முடியாது.

அடுத்தது மாதக் கணக்கு. கமிஷன் வாங்க 'ஆக்டிவ்' ஆக இருக்க வேண்டும், அதற்கு மாதா மாதம் குறிப்பிட்ட பாயிண்ட்டுக்குப் பொருள் வாங்க வேண்டும். அது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகச் சேர்த்தவரின் வாங்கலில் உங்களுக்கு 5% என்றால், நீங்கள் போட்ட 100 திரும்பி வரவே 20 பேர் ஒவ்வொரு மாதமும் தவறாமல் 100க்கு வாங்க வேண்டும். அந்த 20 பேரும் கைநட்டம் இல்லாமல் இருக்க 400 பேர் வேண்டும். அந்த 400 பேருக்கு 8,000 பேர். பெட்ரோல், கூட்டக் கட்டணம், பயிற்சி வகுப்பு, மாதிரிப் பொருள் எதையும் இதில் சேர்க்கவில்லை.

பைனரி பிளான் என்றால் இன்னொரு விஷயம் கவனியுங்கள். இடது லெக், வலது லெக் என்று இரண்டு பக்கம் இருக்கும். பலவீனமான பக்கம் எவ்வளவோ அதற்குத்தான் கமிஷன். 'உனக்குக் கீழே நாங்களே ஆள் போட்டுத் தருவோம்' என்று அப்லைன் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் எல்லோரையும் ஒரே லெக்கில் போடுவார். மற்ற லெக்கை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், அது நிரம்பாதவரை வலுவான லெக்கில் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

வருமான அறிக்கை என்று நிறுவனமே வெளியிடும் தாள் இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் இப்படிப்பட்ட 70 அறிக்கைகளை ஆராய்ந்தது. பெரும்பாலானவர்கள் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவாகவோதான் பெற்றிருந்தார்கள், அதுவும் செலவைக் கழிப்பதற்கு முன். பல அறிக்கைகளில் ஒன்றுமே சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆகவே 'சராசரி' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள். யாரை விட்டுவிட்டார்கள், செலவு கழிந்ததா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள்.

சட்டம் கோடு போடும் இடம்

பல நாடுகளில் பிரமிட் திட்டம் குற்றம், எம்எல்எம் அனுமதிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான கோடு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ஃபெடரல் டிரேட் கமிஷன் 1975இல் காஸ்காட் என்ற நிறுவனத்தின் மீதான வழக்கில் வகுத்த சோதனை இன்றும் பயன்படுகிறது: பணம் கட்டிச் சேர்ந்தவருக்குப் பொருளை விற்கும் உரிமையோடு, ஆள் சேர்ப்பதற்கான வெகுமதியும் கிடைத்து, அந்த வெகுமதி வெளியே உள்ள வாடிக்கையாளருக்குப் பொருள் விற்பதோடு தொடர்பில்லாமல் இருந்தால், அது பிரமிட். 1979இல் ஆம்வே என்ற எம்எல்எம் நிறுவனத்தின் வழக்கில் அது பிரமிட் அல்ல என்று தீர்ப்பானது. வாங்கிய பொருளில் 70%ஐ விற்றாக வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற விதிகள் அதற்குத் துணை நின்றன. அதே உத்தரவில், வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்றும் தடை விதிக்கப்பட்டது. 2016இல் ஹெர்பாலைஃப் என்ற எம்எல்எம் நிறுவனம் 20 கோடி டாலர் கட்டி, உண்மையான விற்பனையை அடிப்படையாக வைத்துக் கமிஷன் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. 2019இல் அட்வோகேர் என்ற இன்னொரு நிறுவனம் 15 கோடி டாலர் கட்டி, பல அடுக்கு முறையையே கைவிட்டது.

'கம்பெனி லீகலா ரிஜிஸ்டர் பண்ணது' என்று சான்றிதழ் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. பதிவு என்பது பெயரைப் பதிந்த சான்று மட்டுமே. இந்தத் திட்டத்தில் சேராத ஒருவர், இதே பொருளை இதே விலைக்குத் தானாக வந்து வாங்குகிறாரா? இந்தக் கேள்விக்கு இல்லை என்பது விடையானால், பணம் சேர்பவர்களின் பையிலிருந்துதான் வருகிறது.

பொருளே இல்லாமல் காயின், டோக்கன், ஆப், 'எஜுகேஷன் பேக்கேஜ்' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2014இல் தொடங்கிய ஒன்காயின் என்ற போலி கிரிப்டோ நாணயம் அப்படித்தான் பாடத் தொகுப்பு என்ற பெயரில், அடுக்கடுக்காக ஆள் சேர்த்து விற்கப்பட்டது. 400 கோடி டாலருக்கு மேல் திரண்ட பிறகு அதன் தலைவி 2017இல் தலைமறைவானார். இவ்வகைத் திட்டங்களில் முதலில் சிறு தொகையை எடுக்க விடுவார்கள். 'நானே பணம் எடுத்தேன்' என்று நண்பர் சத்தியம் செய்வது உண்மைதான், அடுத்து சேர்ந்தவரின் பணம் அது.

பொருள் வாங்கச் சொன்னால், கடன் கேட்டால்

பொருள் உங்களுக்கு உண்மையில் பயன்படும், வெளியே கிடைக்கும் அதே தரத்துக்கு விலையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் ஒருமுறை வாங்குங்கள். எடையையும் அளவையும் வைத்து ஒப்பிடுங்கள். 'கெட்டியான கான்சன்ட்ரேட்' என்று சொன்னால், கலந்த பிறகு ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். பணம் கொடுக்கும்போதே "கஸ்டமரா மட்டும்தான் வாங்குறேன், ஐடி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். 'தள்ளுபடிக்காக ஒரு ஐடி' என்று போடப்படும் பெயர் பல திட்டங்களில் அவருடைய டவுன்லைனாக, அதாவது அவருக்குக் கீழே சேர்ந்தவராகப் பதிவாகிறது, மாதா மாதம் வாங்கச் சொல்லி அழைப்பு வரும். நோய் குணமாகும் என்று சொல்லி எதைத் தந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அதை எடுக்காதீர்கள். வீட்டில் வேறு யாரும் அப்படிச் செய்கிறார்களா என்றும் பாருங்கள், பணத்தைவிடப் பெரிய ஆபத்து அது.

பாவம் பார்த்து வாங்குவது நண்பருக்குச் செய்யும் உதவி இல்லை. உங்கள் வாங்கல் அவருக்கு அந்த மாத டார்கெட்டை எட்டவைக்கும், 'இது நடக்கிறது' என்ற நம்பிக்கையை இன்னொரு மாதம் நீட்டிக்கும். அதற்குள் அவர் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கியிருப்பார்.

ரேங்க் போய்விடும், ஸ்டாக் எடுக்க வேண்டும், மாதக் கடைசி என்று கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். "பிசினஸுக்குத் தர மாட்டேன். வீட்டுச் செலவுக்கு நெருக்கடின்னா சொல்லு, அதை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னால் செய்யுங்கள். வீட்டு வாடகையை நேரடியாகக் கட்டுங்கள். கையில் கொடுத்தால் அது ஸ்டாக்காக மாறிவிடும்.

நண்பர் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

எதிர்ப்பவர்கள் எல்லோரும் 'நெகட்டிவ் ஆட்கள்', கனவைத் திருடுபவர்கள் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கத்தினால், அப்லைன் சொன்னது சரி என்று அவருக்கு நிரூபித்துவிடுகிறீர்கள். குரூப்பில் கிண்டல் செய்தால் அவருக்கு மிஞ்சும் கூட்டம் அந்தக் கூட்டம் மட்டும்தான். செய்தி இணைப்புகளை அள்ளி அனுப்புவதும் வேண்டாம், அவற்றுக்கும் பதில் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்கு நோட்டு பலன் தரும். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில், தனியாக, "எந்த பிசினஸுக்கும் கணக்கு வேணும்ல, நான் எழுதித் தர்றேன்" என்று உட்காருங்கள். இடது பக்கம் வங்கிக் கணக்குக்கு உண்மையில் வந்த தொகை மட்டும், ஆப்பில் காட்டும் பாயிண்ட் வேண்டாம். வலது பக்கம் சேர்க்கைக் கட்டணம், மாத வாங்கல், கூட்டக் கட்டணம், பயணம், போன், இலவசமாகக் கொடுத்த மாதிரிகள். வீட்டில் தேங்கிக் கிடக்கும் பெட்டிகளையும் எண்ணுங்கள். செலவழித்த மணி நேரத்தைக் கடைசி வரியில் எழுதுங்கள். எழுதிய பிறகு எந்தக் கருத்தும் சொல்லாதீர்கள். மூன்று மாதம் அவரே தொடர்ந்து எழுதட்டும். மனிதர் சொன்னால் எதிர்க்கத் தோன்றுகிறது, தன் கையெழுத்தில் உள்ள எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை. இடையில், வியாபாரம் வராத பேச்சுக்கும் சந்திப்புக்கும் அவரை அழைத்துக்கொண்டே இருங்கள். சேரும்போது அவர் பட்டியலில் இருந்த பலரும் அழைப்பை எடுப்பதை நிறுத்தியிருப்பார்கள். விலகத் தோன்றும் நாளில் கூப்பிட ஒருவராவது வேண்டும்.

வெளியேறும்போது

விலக முடிவெடுத்த நண்பர் அதை உடனே அப்லைனிடம் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் அன்றிரவே அப்லைன் வீட்டுக்கு வருவார். நல்ல எண்ணம் இருக்கலாம், ஆனால் திரும்பிவரும் பொருளுக்காக அவருக்கு ஏற்கெனவே தந்த கமிஷனை நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம், ஆகவே தடுப்பதில் அவருக்கு நேரடி லாபம் உண்டு.

முதலில் வங்கியிலோ கார்டிலோ உள்ள தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்துங்கள், மாதா மாதம் பொருள் வரும் ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். அடுத்து சேர்க்கை ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள்: காரணம் சொல்லாமல் விலகிப் பணத்தைத் திரும்பப் பெறும் ஆரம்ப அவகாசம் எத்தனை நாள், அது கடந்திருந்தால் சரக்கைத் திரும்ப எடுக்கும் விதி என்ன. நேரடி விற்பனை நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு தன் நடத்தை விதிகளில், விலகுபவர் கடைசி 12 மாதத்தில் வாங்கி, விற்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் சரக்கை, 10%க்கு மேல் பிடிக்காமல் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சரக்கின் மீது பெற்ற பலன்களைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே சீல் உடைக்காத பெட்டியைத் தனியாக எடுத்து வையுங்கள், அதை இனி யாரும் திறக்க வேண்டாம். காலாவதித் தேதி நெருங்கினால் விற்கத்தக்கது இல்லை என்று தள்ளிவிடுவார்கள் என்பதால் நாள் கடத்தக் கூடாது.

விலகல் கடிதம் நிறுவனத்தின் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் போக வேண்டும், அப்லைனுக்கு அல்ல. உறுப்பினர் எண், விலகும் தேதி, திருப்பி அனுப்பும் பொருள்களின் பட்டியல், பில் எண்கள், பணம் வர வேண்டிய கணக்கு இவை போதும், காரணம் வேண்டாம். பெட்டிகளைப் படம் எடுத்து, அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்பில் எழுத்தில் புகார் கொடுக்க இந்த ஆவணங்கள்தான் தேவைப்படும்.

நீங்கள் "அப்பவே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். அவரை உறுத்துவது பெரும்பாலும் சொந்த நட்டத்தைவிடத் தான் சேர்த்துவிட்டவர்களின் முகம். அவர்களை அழைக்க அவருக்கு வாய் வராது, பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள். கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பணத்தைத் திரும்பப் பெறும் அவகாசம் அவருக்குத்தான் இன்னும் மிச்சமிருக்கும். "நான் விலகிட்டேன். உனக்கு இந்தத் தேதி வரைக்கும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், லெட்டர் எப்படி எழுதணும்னு நான் அனுப்புறேன்" என்ற இரண்டு வரி போதும்.